யாஷிகா ஷட்டருக்குள் காரீயத் தூள் அடிக்கலாமா? (பழைய கமெராக்களுக்கு உலர் மசகு)

வாழைச்சேனை_பிலிம்:

வணக்கம். பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்து யாஷிகாமாட் 124ஜி பிலிம் கமெரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெளியில் பார்க்க நல்ல சுத்தம். பிரச்சினை ஷட்டரில்தான். ஒளியை உள்ளே விடுகிற மெல்லிய உலோக இலைகள் திறக்கின்றன, ஆனால் மூடும்போது தயங்கித் தயங்கி மூடுகின்றன. காலையில் முதல் தடவை ஷட்டரை அடித்தால் (படம் எடுக்கிற மாதிரி அமத்தினால்) திறக்கவே மாட்டேன் என்கிறது. 1 செக்கனில் வைத்தால் கிர்ர் என்று இழுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றுவிடுகிறது.

ஷட்டருக்கு ஒயில் விடக்கூடாது என்று எல்லா இடத்திலும் வாசித்தேன். அதனால் பூட்டுக்குப் போடும் காரீயத் தூள் (கிராஃபைட்) சின்னப் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அமத்தினால் புஸ் என்று தூள் வரும். முன் லென்ஸைக் கழற்றிவிட்டு இலைகளின் மேல் ஒருதரம் அடித்தால் போதுமா? மொலிப்டினம், டெஃப்லான் என்றும் சொல்கிறார்கள். எது நல்லது? மட்டக்களப்பிலேயே வாங்கக்கூடியதாகச் சொன்னால் பெரிய உதவி.

வாவிக்கரை:

தம்பி, அந்தப் போத்தலை மூடி லாச்சிக்குள் வையுங்கள். இப்போதைக்கு அதைத் திறக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி மசகு இல்லாததால் வருவதில்லை. உள்ளே ஏதோ ஒட்டுகிறது. கம்பனியில் வைத்த கிறீஸிலிருந்து ஒயில் பிரிந்து, இத்தனை வருடமாக ஊர்ந்து இலைகளுக்கிடையில் வந்து, காய்ந்து பசையாகிவிட்டது. ஷட்டர் இலை ஒவ்வொன்றும் பேப்பர் மாதிரி மெல்லிசு, பாரமே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று நல்ல பரப்பில் படிந்து கிடக்கிறது. 1/500 செக்கனில் முழு வேலையும் 2 மில்லி செக்கனுக்குள் முடிய வேண்டும். நனைந்த கண்ணாடித் துண்டு இரண்டைச் சேர்த்து வைத்துப் பிரித்துப் பாருங்கள், ஒரு துளி ஒயில் அந்த இலைகளை எப்படிப் பிடிக்கும் என்பது தெரியும். அந்தப் பசையின் மேல் காரீயத்தை அடித்தால் கறுப்புக் களிதான் மிஞ்சும்.

இன்னொன்று. 124ஜியில் அந்த 'ஜி' தங்கமுலாம் பூசிய மின் தொடுமுனைகளைக் குறிக்கிறது. மீட்டரும் வயரும் உள்ள பெட்டி அது. காரீயம் மின்சாரம் கடத்தும். பறக்கிற தூள் எங்கே போய்க் குந்தும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கழுவுங்கள். சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற திரவம் போதும், காய்ந்த பின் கறை விடாது. பெற்றோல் வேண்டாம், அதில் கலந்திருப்பவை பின்னால் தங்கும். பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றும் வேண்டாம், சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ப்பார்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து, உதறி, இலையைத் துடையுங்கள். ஷட்டரை அடியுங்கள். திரும்பத் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதுதான் வேலை. இலையின் பின்பக்கத்தை, பின் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஷட்டர் மூடியிருக்கும்போது பிலிம் அறைப் பக்கத்திலிருந்து துடைக்கலாம். ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கிற துவாரத்து இலைகளையும் மறக்க வேண்டாம், அவையும் முழுக்க உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் நுளம்புச்சுருள் எரியக் கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை.

கல்முனை_ரிப்பேர்:

வாவிக்கரை அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஓம், பாதிக்கு இல்லை. கழுவுவது சரி. ஆனால் இலைக்குக் காரீயமே ஆகாது என்று எழுதினால் அது பிழை. பழைய கொம்பூர், புரொன்டோர் ஷட்டர்களின் உருக்கு இலைகளை வெளியே எடுத்து, காரீயம் தேய்த்துப் போடுவது அந்தக் காலத்து ரிப்பேர்காரர் வழக்கம். எனக்கு வேலை பழக்கியவரும் அப்படித்தான் செய்தார். நம்ம ஊரின் உப்புக்காற்றில் உருக்கு இலை கறள் பிடிக்கத் தொடங்கினால், கறளைத் துடைத்தெடுத்த பின் அந்த இடம் சொரசொரப்பாக நிற்கும். அதைக் காரீயம் ஒன்றுதான் சமாளிக்கும்.

வாவிக்கரை:

தேய்ப்பது வேறு, அடிப்பது வேறு. தம்பி கேட்டது அடிப்பது பற்றி.

இலையைக் கையில் எடுத்து, மான்தோல் துண்டிலோ மழுக்கிய மரக்குச்சியிலோ கொஞ்சம் தூளைத் தொட்டு, அழுத்தித் தேய்த்து, பிறகு தூள் எதுவும் மிஞ்சாமல் துடைத்தெடுத்தால் உலோகத்தின் மேல் ஒரு படலம் நிற்கும். அந்தப் படலம்தான் மசகு. கண்ணுக்குத் தூள் தெரிந்தால் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். கூடத் தேய்த்து இலையைப் பளபளப்பாக்கினாலும் தொல்லை, கறுப்பாக இருக்க வேண்டிய இடம் மினுங்கினால் படத்தில் ஒளி சிதறும். இதெல்லாம் ஷட்டரைப் பிரித்து, இலைகளை வரிசை மாறாமல் எடுத்து, திரும்ப அடுக்கத் தெரிந்தவருக்கான வேலை. கல்முனைக்குத் தெரியும். முதல் கமெரா திறக்கிற ஒருவருக்கு இதைச் சொல்லலாமா?

கல்முனை_ரிப்பேர்:

சரி, அது ஞாயம்தான். புதுசாகப் பழகுகிறவர் தொட வேண்டாம்.

ஏறாவூர்_சைக்கிள்:

நான் மோட்டர் உதிரிப்பாகக் கடைப் பக்கம். மொலிப்டினம் கேட்டு வருகிற ஆட்களுக்கு எல்லோரும் எடுத்துக் கொடுப்பது காரின் சிவி ஜொயின்ற் கிறீஸ். கறுப்பாக இருக்கும், டின்னிலும் மொலி என்று போட்டிருக்கும். அது லித்தியம் கிறீஸில் மொலித் தூள் கலந்தது. உலர் மசகு இல்லை. அதைக் கமெராவுக்குள் வைத்தால் வாவிக்கரை அண்ணன் சொன்ன அதே ஒயில் ஊர்கிற கதைதான் திரும்ப நடக்கும்.

டெஃப்லான் ஸ்பிறேயும் அப்படித்தான். 'உலர்' என்று எழுதியிருக்கும், உள்ளே மெழுகோ ஒயிலோ இருக்கும், சைக்கிள் சங்கிலிக்கு அது நல்லது. வீட்டில் இருப்பதைச் சோதிக்க ஒரு வழி: கண்ணாடித் துண்டில் ஒருதரம் அடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் விரலால் இழுத்தால் வெள்ளைப் பொடி மட்டும் வர வேண்டும். விரலில் மினுக்கம் ஒட்டினால் சைக்கிளுக்கே வைத்திருங்கள்.

மஞ்சந்தொடுவாய்_ரீச்சர்:

விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் நம்ம ஊர்க் காற்றுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

காரீயம் தன்பாட்டில் வழுக்குகிற பொருள் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். படலம் படலமாக இருக்கிறது, அதனால் வழுக்குகிறது என்று. அது முழுக்கதை ஆகாது. காற்றில் உள்ள நீராவி அந்தப் படலங்களில் ஒட்டியிருந்தால்தான் அது சரியாக வழுக்கும். இரண்டாம் உலகப்போரில் மிக உயரப் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் காரீயம் கலந்த காபன் தூரிகைகள் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் எடுப்பவை) கிடுகிடுவென்று தூளாகித் தேய்ந்தன. அந்த உயரத்துக் காற்றில் ஈரம் இல்லாததுதான் காரணம். வெற்றிடத்தில் காரீயம் மசகாகவே வேலை செய்யாது, தேய்க்கும்.

மொலிப்டினம் டைசல்பைட் நேரெதிர். மொலிப்டினம் நடுவில், இரண்டு பக்கமும் கந்தகம். ஒரு படலத்தின் கந்தகத்துக்கும் அடுத்த படலத்தின் கந்தகத்துக்கும் பிடிப்பு மிகக் குறைவு, அதனால் சறுக்கும். அதற்கு ஈரம் தேவையில்லை, ஈரம் பகை. வெற்றிடத்தில் மிக நன்றாக வேலை செய்வதால்தான் விண்கலங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஈரக்காற்றில் உராய்வு கூடும், மெல்ல மெல்ல ஒட்சியேற்றமும் நடக்கும்.

இனி வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கல்லடியை யோசியுங்கள். மாரியில் உடுப்பே காய்வதில்லை. கச்சான் வீசுகிற மாதங்களில் உதடு வெடிக்கிறது. ஈரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் வருடத்தில் பெரும்பகுதி காரீயத்துக்குச் சாதகம்.

கல்முனை_ரிப்பேர்:

ரீச்சருக்கு நன்றி. இதைத்தான் நானும் சொன்னேன், காரணம் தெரியாமல் :)

வாவிக்கரை:

கொஞ்சம் பொறுங்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. ஈரத்தோடு உப்பும் வருகிறதே.

காரீயமும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்து நடுவில் உப்பு ஈரம் பட்டால் அது ஒரு சின்ன பற்றரி. அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து, குழி விழும். விமானம் பழுதுபார்ப்பவர்களை அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடவே விடமாட்டார்கள், இந்தக் காரணத்துக்காகத்தான். நம்ம கமெராக்களில் உடல், ஷட்டர் தட்டு, லென்ஸ் குழாய் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். உருக்கு இலையில் தேய்த்த படலம் வேறு விஷயம். அலுமினியம் பக்கத்தில் தூளாகப் போட்டால் மாரியில் அதன் பலனைக் காண்பீர்கள்.

அதனால் என் வழக்கம் இது. உருக்கோடு உருக்கு உரசுகிற இடத்தில், அதுவும் மின்சாரம் இல்லாத கமெராவில், காரீயம். பித்தளையும் உருக்கும் அழுத்தத்தோடு உரசுகிற இடங்களில் மொலி: வேகத்தைத் தெரிவு செய்கிற வளையத்தின் அடிப்பக்கம், ஷட்டரை ஏற்றுகிற நெம்பின் முனை, அந்த மாதிரி. அதையும் தூளாகத் தூவாமல் தேய்த்து, துடைத்து. ஈரத்தில் அதன் ஆயுள் குறையும் என்பது உண்மை, ஆனால் அது ஒரு நாளில் ஆயிரம் தடவை சுழலும் இயந்திரம் இல்லை. வருடத்தில் நாலு பிலிம் போடுகிற கமெரா. டெஃப்லான் பிளாஸ்டிக்கும் மின்சுற்றும் உள்ள இடத்துக்கு.

மஞ்சந்தொடுவாய்_ரீச்சர்:

அலுமினியம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. டெஃப்லான் மின்கடத்தாது, அநேகமாக எதனோடும் தாக்கமடையாது, ஈரம் அதற்குப் பொருட்டே இல்லை. 1938இல் ரோய் பிளங்கெற் குளிரூட்டி வாயு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வாயு உருளைக்குள் வெள்ளைத் தூளாகத் தற்செயலாக அகப்பட்ட பொருள் அது. குறை என்னவென்றால் உலோகத்தில் பிடிக்காது. தேய்த்தாலும் உதிரும். உதிர்ந்தது நிலைமின்னேற்றத்தால் லென்ஸில் போய் ஒட்டும். கறுத்த இலையில் வெள்ளைத் தூள் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஓட்டமாவடி_மழை:

எல்லாரும் பெரிய பெரிய பெயர் சொல்றீங்க. எங்கட உம்மா தையல் மெசினுக்கும் கதவுக்கும் முகப் பவுடர்தான் போடுவா. அதைப் போட்டால் என்ன?

வாவிக்கரை:

வாசனை எண்ணெய், சிலதில் சோளமா. சோளமா ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வேண்டாம் தம்பி. உம்மாவின் கதவுக்கு என் சலாம்.

அக்கரைப்பற்று_ஏஈ1:

இதற்கு நடுவில் என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். கெனன் ஏஈ1. அடிக்கும்போது ஷட்டர் சத்தத்தோடு ஒரு கீச்சு வருகிறது, இருமல் மாதிரி. இது உலர்ந்துபோனதால்தான் என்கிறார்கள். அப்படியானால் உலர் மசகு போட இதுவே சரியான இடமா?

கல்முனை_ரிப்பேர்:

இல்லை நானா. அந்தக் கீச்சு கண்ணாடி தூக்கும் பொறிமுறையில் உள்ள தண்டு காய்ந்துபோனதால் வருவது. அங்கே வேண்டியது மணிக்கூட்டு ஒயில், ஊசி முனையில் ஒரு துளிக்கும் குறைவு. வேகமாகச் சுழன்று நிற்கிற மெல்லிய தண்டு துவாரத்துக்குள் கிடக்கிறது, அதற்குள் தூள் போய்ச் சேராது. காரீயம் போட்டால் இன்னும் மோசம், ஏஈ1 முழுக்க மின்சுற்று. தூள் எங்கேயாவது பாலம் போட்டால் நல்ல கமெரா கல்லாகிவிடும். ஊசிக்கு வழி தேடி அடித்தட்டையும் மேல்தட்டையும் கழற்றுவதற்கு முன் ஒருதரம் எனக்குக் காட்டுங்கள்.

வாவிக்கரை:

கல்முனை சொன்னதோடு பொதுவாக ஒன்று. சுழலும் தண்டு என்றால் ஒயில், மிகக் குறைவாக. தட்டையாக உரசுவது என்றால் உலர் மசகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். மெல்லத் திரும்ப வேண்டிய பெரிய மரை என்றால் கிறீஸ். பற்சக்கரப் பற்களுக்கு ஒன்றுமே வேண்டாம். இலைக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம். உலர் மசகு வாங்கியாகிவிட்டது என்பதற்காக எங்காவது போட்டுத் தீர்க்க வேண்டும் என்ற அவாவைத்தான் முதலில் அடக்க வேண்டியிருக்கிறது.

களுவாஞ்சிக்குடி_ஹீலியோஸ்:

அந்தப் பெரிய மரை விஷயம். என்னிடம் செனிற் கமெரா, அதில் ஹீலியோஸ் 44 லென்ஸ். போகஸ் வளையம் கல்லு மாதிரி இறுகிப்போயிருக்கிறது. பழைய கிறீஸைக் கழுவி எடுத்துவிட்டு மொலித் தூளை மட்டும் தேய்த்தால் இனி ஒயில் ஊராது, லென்ஸில் புகாரும் படியாது அல்லவா? எனக்கு இது நல்ல யோசனையாகத் தெரிகிறது.

வாவிக்கரை:

யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கையில் பிடித்துப் பார்த்தால் பிடிக்காது. போகஸ் வளையம் மெல்லிய தடையோடு திரும்ப வேண்டும். அந்தத் தடையைக் கொடுப்பதும் மரைகளுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்புவதும் கிறீஸ். அது இல்லாவிட்டால் லென்ஸ் ஆடும், கீழே சாய்த்தால் போகஸ் தானாக ஓடும், உலோகம் உலோகத்தைத் தின்னும். நல்ல லென்ஸ் கிறீஸாக, மரைப் பள்ளத்தில் ஒரு மெல்லிய பூச்சாக மட்டும் போடுங்கள். கழற்றும் முன் மரை விட்டுப் பிரியும் இடத்தைக் கீறி அடையாளம் வையுங்கள். அந்த மரைக்கு நுழையும் வாய் பல இருக்கும், தவறான வாயில் நுழைந்தால் தூரம் பிழைக்கும்.

செனிற்றின் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. லைட்டர் திரவத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், ரப்பர் ஊதும்.

சம்மாந்துறை_பழசு:

போகல சுரங்கப் பக்கம் வேலை செய்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த காரீயக் கட்டி வீட்டில் கிடக்கிறது. உலகத்திலேயே சுத்தமான காரீயம் இலங்கையில்தான் என்பார்கள். அரைத்துப் பயன்படுத்தலாமா?

மஞ்சந்தொடுவாய்_ரீச்சர்:

போகல, கஹட்டகஹ இரண்டிலும் எடுப்பது பாறை நாளங்களில் படிந்த காரீயம், சுத்தம் அதிகம் என்பது உண்மை. ஆனால் கட்டியோடு படிகக்கல்லும் இரும்புக் கந்தகக் கனிமமும் ஒட்டி வரலாம். படிகக்கல் உருக்கையே கீறும். அலுமாரியில் அழகுக்கு வையுங்கள்.

பென்சில் சீவித் தூள் எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று: பென்சிலில் காரீயத்தோடு களிமண்ணும் இருக்கிறது. HBயில் கூட, 8Bயில் குறைவு. களிமண்ணும் உராய்வுப் பொருள்தான். இறுகிய உடுப்புச் சிப்புக்குத் தேய்க்கலாம், கமெராவுக்கு வேண்டாம்.

திருக்கோவில்_கரை:

2004 சுனாமித் தண்ணீரில் மூழ்கிய கமெரா ஒன்று மாமாவின் வீட்டுப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. லீவர் அசையாது. இந்த முறைகளில் ஏதாவது அதற்குச் சரிவருமா?

வாவிக்கரை:

வராது. உப்புத் தண்ணீர் உள்ளே காய்ந்திருந்தால் உருக்குப் பாகங்கள் ஒன்றோடொன்று கறளால் இணைந்திருக்கும். லீவரைப் பலமாக இழுக்க வேண்டாம், முறியும். மாமாவின் ஞாபகமாக அப்படியே வைத்திருங்கள். உள்ளே பிலிம் இருந்தால் மட்டும் இருட்டில் எடுத்து, தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

வாழைச்சேனை_பிலிம்:

இழை தொடங்கியவன். சொன்னபடி கழுவினேன். பஞ்சுக் குச்சிப் பெட்டி அரைவாசி முடிந்தது. முதலில் பழுப்பு, பிறகு சாம்பல், கடைசியில் வெள்ளையாகவே வந்தது. இப்போது 1/30 முதல் 1/500 வரை சட்சட் என்று அடிக்கிறது, காலையிலும். இலைக்கு எதுவும் போடவில்லை.

1 செக்கன் இன்னும் சில வேளை இழுக்கிறது. வேகம் மாற்றும் சில்லும் சொரசொரப்பாகத் திரும்புகிறது. இங்கே மொலி போடலாமா?

கல்முனை_ரிப்பேர்:

1 செக்கன் இழுப்பது மெதுவேகப் பற்சக்கரத் தொகுதி. அதன் பற்களை உலர்வாக விட வேண்டும், தண்டு முனைகளில் மட்டும் மணிக்கூட்டு ஒயில். ஆனால் ஷட்டருக்குள் திரவத்தை வெள்ளமாக ஊற்றி அதைக் கழுவ நினைக்காதீர்கள். அங்கே இருக்கிற பசை கரைந்து திரும்ப இலைக்கே வரும், நீங்கள் பட்ட பாடு வீண். தொகுதியைக் கழற்றித் தனியாகக் கழுவுவதுதான் முறை. ஒரு நாள் கல்முனைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

வாவிக்கரை:

சில்லுக்கு மொலி போடலாம், கல்முனை திறக்கும்போது. வளையம் உரசுகிற பாதையை முதலில் வெள்ளையாகத் துடைத்து, மரக்குச்சியால் தேய்த்து, தூளை ஊதாமல் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். ஊதினால் இலைக்கிடையில் போகும்.

அதுவரை கமெராவை இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதன் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் நல்லது. அலுமாரியில் நப்தலின் உருண்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்த ஆவி லென்ஸில் படியும்.

ஏறாவூர்_சைக்கிள்:

சுத்தமான மொலித் தூள் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் சின்ன அளவில் தரமாட்டார்கள். ஒரு போத்தல் வந்தால் இங்கே இருக்கிற எல்லோருடைய கமெராவுக்கும் ஆயுள் முழுக்கக் காணும். பிரித்து எடுப்போமா?

கல்முனை_ரிப்பேர்:

எனக்கு ஒரு பங்கு. கடுதாசியில் மடித்துத் தர வேண்டாம், உடுப்பெல்லாம் கறுப்பாகும். மருந்துக் குளிசைப் போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தாருங்கள்.

அக்கரைப்பற்று_ஏஈ1:

எனக்கு வேண்டாம், ஒயில்தான் என்று சொல்லிவிட்டீர்களே. கல்முனை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கமெராவோடு வரட்டுமா?

கல்முனை_ரிப்பேர்:

வாங்க நானா. பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொண்டு வாங்க.